டெஸ்டோஸ்டெரோன் ஊசியால் செங்குழியங்கள் கூடினால் இரத்த தானம் செய்து குறைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடுகிறீர்கள், பரிசோதனையில் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குழியங்கள் நூற்றுக்கு எவ்வளவு என்ற அளவு, 55 வந்திருக்கிறது என்பது ஒன்று. ‘அடுத்த போயா தினத்தில் எங்காவது இரத்ததான முகாம் நடக்கும், ஊசியைப் பற்றி வாய் திறக்காமல் போய்க் கொடுத்துவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்’ என்று நண்பர் சொன்னது மற்றது. முதலாவதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியன் அல்ல, வெள்ளவத்தையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ‘ஜிம்மில் உடம்பை ஊத வைப்பதற்குப் போட்ட ஊசிக்கு இவ்வளவு பேச்சா’ என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கபச்சுரப்பியில் கட்டி வந்தது, மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி போனது. விதைகளுக்குக் கட்டளை அனுப்பும் ஓமோனும் அதோடு போனது. ஊசி இல்லாவிட்டால் கதிரையை விட்டு எழும்பவே யோசிக்கிற ஆளாகிவிடுவேன். என் தோள்களைப் பார்த்த எவரும் என்னை ஜிம்மில் தேடமாட்டார்கள்.

நோய் வருவதற்கு முன் நான் ஒழுங்காக இரத்தம் கொடுத்து வந்தவன். 2004 டிசம்பரில் சுனாமி வந்த கிழமை வரிசையில் நின்று தொடங்கியது அது. போர்க்காலக் கொழும்பில் அடையாள அட்டையை நெஞ்சு படபடக்காமல் நான் நீட்டிய ஒரே இடம் இரத்த வங்கிதான். இந்த நாட்டில் 2014 முதல் இரத்தம் முழுவதும் காசு வாங்காத தொண்டர்களிடமிருந்தே வருகிறது. உறவினரைப் பிடித்துக்கொண்டு வா என்று நோயாளியிடம் சொல்வதில்லை. அந்த ஏற்பாடு, படிவத்தில் மனிதர்கள் உண்மை எழுதுவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. உங்கள் நண்பர் கை வைப்பது அதில்தான்.

சரி, பி.சி.வி.க்கு வருவோம். அந்த மூன்றெழுத்தைக் கொழும்பில் டெங்கு எல்லோருக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறது. டெங்கில் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதால் அது ஏறும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாட்டில் இரவிரவாகச் சேலைன் அளவை மாற்றுவார்கள். என் அறிக்கையில் 55 என்று கண்டதும் மனைவி முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு பல்கனிக்குப் போய்ப் பூச்சாடித் தட்டுகளில் நின்ற தண்ணீரைக் கவிழ்த்தாள்.

டெஸ்டோஸ்டெரோன் செய்வது வேறு வேலை. செங்குழியம் செய்யச் சொல்லிச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டினை அது கூட்டுகிறது, ஈரல் சுரக்கும் ஹெப்சிடினை அடக்குகிறது. உடம்பிலுள்ள இரும்பு தாராளமாக இரத்தத்துக்குள் வராமல் பூட்டி வைப்பது ஹெப்சிடின். பூட்டுத் தளர்ந்தால் என்புமச்சைக்குக் கை நிறைய இரும்பு கிடைக்கிறது, அது செங்குழியங்களைச் செய்துகொண்டே போகிறது. இரத்தம் கித்துள் பாணி போலத் தடிக்கிறது. கட்டிபடும் அபாயத்தை எண்ணித்தான் வைத்தியர்கள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த எல்லை 54. அதைத் தாண்டினால் ஊசியை நிறுத்து, உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார், இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்கு என்கிறது அது. இரத்த தானம் செய் என்பது அந்த வரிசையில் இல்லை.

எனக்கு அந்த யோசனையைச் சொன்னவர் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான். அங்கே ஆண்கள் 56 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம், தானும் அப்படித்தான் சமாளிப்பதாகச் சொன்னார். இங்கே இரண்டு தானங்களுக்கு இடையில் நான்கு மாதம் போகவேண்டும் என்பதை வெளிநாட்டிலிருந்து வைத்தியம் சொல்கிறவர்கள் கேட்பதே இல்லை. ஆனாலும் போனேன், நமக்குப் பழக்கப்பட்ட இடம்தானே என்று. படிவத்தில் ‘மருந்து ஏதும் எடுக்கிறீர்களா’ என்ற இடத்தில் ஊசியின் பெயரை எழுதினேன். முகாமில் இருந்த இளம் வைத்தியர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஏன் ஐயா என்று கேட்டார். சொன்னேன். ‘உங்கள் விசேட வைத்தியரின் கடிதம் இல்லாமல் எடுக்கமாட்டேன்; உங்களுக்குத் தேவைப்படுவது தானம் அல்ல, சிகிச்சை’ என்றார். வேறொரு முகாமில் வேறொருவர் வேறுவிதமாக முடிவு செய்திருக்கக்கூடும். அன்று எனக்கு நன்றாகவே சுட்டது. பழைய தான அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் கொடுக்கும் பிஸ்கட் பக்கெட்டைக்கூட வாங்கவில்லை.

விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் சனல் பண்ண வேண்டும், அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நேரம் எடுக்க வேண்டும். இதைப் பற்றி இங்கே எழுதக்கூடாதுதான், ஆனால் எழுதுவேன். மாலை ஆறு மணி என்று நேரம் தருகிறார்கள். வைத்தியர் வருவது எட்டுக்கு. வரவேற்பில் கேட்டால் ‘சேர் ஒன் த வே’ என்பார்கள், ஏழு மணிக்கும் அதுதான் பதில். இடையில் தலைக்கு மேல் தொலைக்காட்சியில் தொடர் நாடகம், அதுவும் ஆஸ்பத்திரிக் காட்சி. வைத்தியருக்குக் கட்டணம் கட்டுகிறோம், சரி. ஆஸ்பத்திரிக்கும் தனிக் கட்டணம் கட்டுகிறோமே, அது அந்த நாற்காலிக்கா, நாடகத்துக்கா? நீரிழிவு நோயாளிகள் இராச் சாப்பாட்டு நேரம் தாண்டி வாடிப் போய் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே போனதும் வைத்தியர் முகத்தைச் சுளிப்பாரோ என்ற பயம்.

என்னைப் பார்த்த வைத்தியர் நல்லவர், அது வேறு. முதலில் கேட்டது: ‘குறட்டை விடுவீர்களா?’ பதில் சொன்னது மனைவி, சற்று விரிவாகவே. உறக்கப் பரிசோதனையில் மூச்சடைப்பு இருந்தது. இரவில் ஒட்சிசன் குறைந்தால் அதுவும் செங்குழியங்களைக் கூட்டும். புகைத்தலும் அப்படியே. நீர்ச்சத்துக் குறைந்தாலும் பி.சி.வி. உயர்ந்து தெரியும் என்று, தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு நாள் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். பொலிசைதீமியா வேரா என்ற வேறொரு நோய் இருக்கிறது, அதில் ஊசி ஒன்றும் இல்லாமலே செங்குழியங்கள் பெருகும். அது இல்லையென்று உறுதிப்படுத்த ஜாக் 2 என்ற மரபணுப் பரிசோதனையும் எழுதினார். பிறகு மருந்து. பெரிய அளவை நீண்ட இடைவெளியில் போடும்போது இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஒரேயடியாக உயர்ந்து பின் சரியும். அந்த உச்சந்தான் செங்குழியங்களை அதிகம் தூண்டுகிறது என்றார். தோலில் பூசும் ஜெல்லில் இந்தத் தொல்லை குறைவு. எனக்கு அளவைக் குறைத்து, இடைவெளியையும் மாற்றினார்.

இரத்தம் எடுக்கவும் எடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வைத்தியரின் கடிதத்தோடு, வெனிசெக்ஷன் என்று. தானத்துக்குக் குத்தும் அதே ஊசி, அதே பை, ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். முடிந்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று தாதியிடம் கேட்டேன். எரிப்பதற்கு அனுப்புவோம் என்றாள். மனம் கேட்கவில்லை. அமெரிக்காவில் சில இரத்த வங்கிகள் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் செங்குழியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றாமல் விடுகின்றன. இங்கும் அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பேன். அதை முடிவு செய்ய வேண்டியது இரத்த வங்கி. படிவத்தில் பொய் எழுதி நானோ உங்கள் நண்பரோ முடிவு செய்வதற்கில்லை.

‘எப்படியோ இரத்தம் வெளியே போனால் சரிதானே’ என்பவர்களுக்கு ஒன்று. ஒரு பை இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு போகிறது. உணவிலிருந்து உடம்பு சேர்த்துக்கொள்வது நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம். ஊசியின் அளவைக் குறைக்காமல் அடிக்கடி கொடுத்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைமட்டத்துக்குப் போகும், என்புமச்சை மறுபடி செங்குழியம் செய்யத்தான் பார்க்கும். பி.சி.வி. கொஞ்சக் காலம் இறங்கித் திரும்ப ஏறும். ஆளோ மாடிப் படியில் மூச்சு வாங்குவார். ரொறன்ரோ மச்சானுக்கு நடந்தது இதுதான். களைப்பு வந்ததும் டெஸ்டோஸ்டெரோன் போதவில்லை என்று நினைத்து, மருந்தைக் கூட்டிக் கேட்டு வாங்கினார். அங்கே யாரோ ஒருவர் ஃபெரிட்டின் பார்க்கும் வரை அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் வைத்தியர் எழுதாமல் ஜிம்மில் வாங்கிப் போடுகிறவர் என்றே நினைக்கிறேன், தவறாயின் மன்னியுங்கள். அப்படியானால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் பொலிஸ் அல்ல. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும், ஜிம்மில் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். காலில் ஒருபக்க வீக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் சனலுக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இந்தக் கிழமையே விசேட வைத்தியரிடம் ஓர் இலக்கம் எடுங்கள், அவரைக் காணும் வரை அடுத்த ஊசியைப் போடவேண்டாம். போகும்போது பழைய அறிக்கைகளைக் கொண்டு போங்கள், முக்கியமாக ஊசி தொடங்குவதற்கு முன் எடுத்தது இருந்தால் அது. ஊசியை எந்தத் திகதியில் போட்டீர்கள், இரத்தம் எந்தத் திகதியில் எடுத்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போன பிறகு, ஞாபகமில்லை சேர் என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.