நாடா சுற்றினால் ஒட்டுக்கன்றா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் செடி, மண், உரம். மழை நெருங்கினால் வடசென்னைக்காரர்களுக்கும் தோட்ட ஆசை வந்துவிடுகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, அண்ணன், நான் மூவரும் சேர்ந்து ஒன்றரை கிரவுண்டில் ரசாயனம் போடாமல் தோட்டம் வைத்திருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன் சாலையோர நர்சரியில் பங்கனபள்ளி ஒட்டு என்று ஐந்து கன்று வாங்கினோம், ஒன்று 350 ரூபாய். இந்த வருடம்தான் காய்த்தது. சின்னக் காய், ஒரே நார். கடைக்காரர் "மண்ணு வாகு அப்படி" என்கிறார். (மணலி புதுநகர்)

பதில்: மண் வாகு ருசியைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். பங்கனபள்ளியை நார்க்காயாக மாற்றாது. முதலில் அடித்தண்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாய்வான தழும்போ புடைப்போ இருந்து, அதற்குக் கீழேயிருந்து வந்த துளிர்தான் இப்போது மரமாக நிற்கிறது என்றால், மேலே கட்டிய நல்ல ரகம் பட்டுப்போய், அடியில் வேருக்காக வைத்த கொட்டைச்செடி வளர்ந்திருக்கிறது. கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்டது உங்கள் தவறு. தழும்பே இல்லையென்றால் உங்களுக்கு விற்றது வெறும் கொட்டைக்கன்று.

நானும் இதில் ஏமாந்தவன்தான். பெரம்பூர் வீட்டுப் பின்புறத்துக்கு மல்கோவா ஒட்டு என்று ஒன்று வாங்கினேன். தண்டில் பாலித்தீன் நாடா அழகாகச் சுற்றியிருந்தது. ஆறு மாதம் கழித்து அவிழ்த்தால் உள்ளே வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை. நல்ல குச்சிக்குக் கட்டுப் போட்டு விற்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இன்றுவரை "மாவுக்கட்டு மாமரம்" என்றுதான் பெயர்.

இங்கேதான் என் பழைய புலம்பல். நூறு ரூபாய் சார்ஜருக்கு பில் கேட்டு வாங்குகிறோம். முப்பது வருடம் நிற்கப்போகிற மரத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு கேட்பதில்லை. கேட்டால் "செடிக்கு எதுக்கு சார் பில்லு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரகத்தின் பெயர், ஒட்டா விதையா, தேதி, விலை, கடை முத்திரை, இந்த ஐந்தும் தாளில் வேண்டும். சட்டையில் சாயம் போனால் முதல் துவைப்பிலேயே தெரிந்துவிடும். மாமரத்தின் பொய் வெளுக்க மூன்று நாலு வருடம் ஆகும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் காலக்கெடுவோ 2 ஆண்டு. அதை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதா, குட்டு உடைந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதிலேயே எதிர்த்தரப்பு மல்லுக்கு நிற்கும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் கையில் சீட்டு இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்? விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. எனவே "செடிக்கெல்லாம் கேஸா" என்று யாராவது மிரட்டினால் மசியாதீர்கள். ஜிபே ரசீது இருந்தால் அதுவும் சாட்சிதான். முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன், அதன்பின் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த மரத்தை வெட்ட வேண்டாம். நன்றாக வேரூன்றிய மரத்தின் மேலேயே தெரிந்த ஆளை வைத்து நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.

கேள்வி: ஆன்லைனில் 20 சந்தனக் கன்று வாங்கி மொட்டைமாடியில் பைகளில் வைத்திருக்கிறேன். எத்தனை வருடத்தில் லாபம்? (தண்டையார்பேட்டை)

பதில்: விற்றவருக்கு அன்றைக்கே வந்துவிட்டது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் மரம். பையில் தனியாக அது என்ன செய்யும்?

கேள்வி: பப்பாளி எட்டு வைத்தேன். அதில் ஆறு ஆண். விதை கொடுத்தவர் பொறுப்பா? (திருவொற்றியூர்)

பதில்: பாக்கெட்டில் என்ன ரகம் என்று இருந்தது? "தூக்கிப் போட்டுட்டேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு நான் என்னத்தைச் சொல்ல? பப்பாளியில் ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகமும் உண்டு, இருபால் பூ வரும் ரகமும் உண்டு. ரெட் லேடி இரண்டாம் வகை. அதில் தனி ஆண் மரம் வராது. ஆனால் அது கலப்பினம், பழத்திலிருந்து எடுத்த விதையை நம்பக் கூடாது. அதையும் "நாட்டுப் பப்பாளி" என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். முதல் வகை என்றால் குழிக்கு மூன்று நாற்று நட்டு, பூ வந்ததும் நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் ஆணைக் கழிக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு ஆண் போதும். ஆறில் ஐந்தை வெட்டுங்கள்.

கேள்வி: மண்புழு உரம் 50 கிலோ மூட்டை. பிரித்தால் சொதசொத என்று தண்ணீர். காயவைத்தால் பாதிதான் தேறியது. கீரைக்கும் தூதுவளைக்கும் போடத்தான் அம்மா நகைச்சீட்டுப் பணத்தில் வாங்கினார். (மாதவரம்)

பதில்: தண்ணீரை உர விலைக்கு விற்றிருக்கிறார்கள், பாவம் உங்கள் அம்மா. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூட்டையில் தயாரித்தவர் முகவரி, நிகர எடை, மாதம், விலை இருக்கிறதா பாருங்கள். மூட்டையைப் பத்திரமாக வைத்து, படம் எடுத்து, வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை ஒரு பிடி எடுத்துப் பிழியச் சொல்லுங்கள். உருண்டை பிடிக்கலாம், சொட்டக் கூடாது. கன்றுகளுக்கு வெளியே அலைய வேண்டாம், உங்கள் ஊரிலேயே தோட்டக்கலைத் துறையின் பண்ணை இருக்கிறது.

கேள்வி: லாரியில் ஒரு யூனிட் செம்மண் சொன்னேன். மேலே செம்மண், அடியில் ராபிஷ் (கட்டட இடிபாடு). (கொடுங்கையூர்)

பதில்: கொட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து, நடுவில் கடப்பாரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: போர் தண்ணீர் உப்பு. எலுமிச்சை மூன்று தடவை வாங்கி மூன்றும் கருகிவிட்டது. நர்சரி ஏமாற்றுகிறதா? (எண்ணூர்)

பதில்: இல்லை. எலுமிச்சைக்கு உப்பு ஆகவே ஆகாது. பூவரசு, புங்கன், வேம்பு, தென்னை வையுங்கள்.

கேள்வி: கற்பூரவள்ளித் தொட்டி 180 ரூபாய், டெலிவரி 90. நியாயமான விலையா? (ராயபுரம்)

பதில்: பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கிளை கேளுங்கள். ஒடித்து நட்டாலே வரும்.