கேள்வி-பதில்: இரண்டாம் பாலும் இரண்டாம் பாகமும்

கேள்வி: மிகுபுனைவும் அறிவியல் புனைகதையும் இப்போதெல்லாம் மூன்று பாகம், ஐந்து பாகம் என்றே வருகின்றன. முதல் பாகத்தை ராத்திரி தூங்காமல் முடித்துவிடுகிறேன். இரண்டாம் பாகத்தில் நூறு பக்கம் தாண்டுவதற்குள் வண்டி படுத்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு நேரே மூன்றாம் பாகத்துக்குப் போனால் என்ன?
- ஒரு வாசகர், புனலூர்

பதில்: புனலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? 2010ல் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். கொல்லத்திலிருந்து உங்கள் ஊர்வரை அகலப்பாதை இருந்தது. இந்தப் பக்கம் எங்கள் செங்கோட்டைவரை இருந்தது. நடுவில் 49 கிலோமீட்டர். மலையும் குகையும் பதிமூன்று கண் பாலமும். அது முழுசாகத் திறக்க 2018 ஆயிற்று. அத்தனை வருஷமும் கையில் எலுமிச்சம்பழத்தோடு தென்மலை வளைவுகளில் பஸ்ஸில் உருண்டவன் நான். நடுப்பாகம் இல்லாவிட்டால் என்ன என்று என்னிடமா கேட்பது!

சரி, 'பாகம்' என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். நமக்கு இருப்பது ஒரே 'ப'. மலையாளத்தில் அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும் பாகத்துக்கு அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு 'ப'. அடுப்பில் பதம் வந்துவிட்டதா என்று பார்க்கும் பாகத்துக்கு உதட்டோடு நின்றுவிடும் இன்னொரு 'ப'. நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதி, பாகப்பிரிவினையையும் நளபாகத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டோம்.

உங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டும் நேரத்தில் நான் பந்தலில் இல்லை, உருளிப் பக்கம் நின்றிருந்தேன். அடைப்பிரதமன். தேகண்டக்காரர், அதாவது கல்யாணச் சமையல்காரர், தேங்காய்ப்பாலை மூன்று பாத்திரத்தில் பிழிந்து வைத்திருந்தார். வெல்லத்தில் அடையை வரட்டியதும் தண்ணீர் மாதிரி இருந்த மூன்றாம் பால் போயிற்று. அப்புறம் இரண்டாம் பால். அதை ஊற்றிவிட்டு மனிதர் சட்டுவத்தை நிறுத்தவே இல்லை. கிண்டுகிறார், கிண்டுகிறார், புகையில் கண்ணைத் துடைக்கிறார், மறுபடி கிண்டுகிறார். "போதாதா?" என்றேன். என்னைப் பார்க்காமலே "பாகமாயில்லா" என்றார். அடுப்பை அணைத்த பிறகுதான் தலைப்பால், சுக்கு, ஏலம். அது ஒரு நிமிஷ வேலை. பந்தியில் எல்லாரும் மெச்சியது தலைப்பாலை. வெந்ததும் குறுகியதும் இரண்டாம் பாலில்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' கதையைத் தொடராகப் போட்டவர் ஜான் கேம்ப்பெல் என்ற பத்திரிகை ஆசிரியர். அடுத்ததான 'டியூன் மெசையா' அவர் மேஜைக்கு வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டார். முதல் புத்தகத்தில் ஜெயித்தவன் இதில் ஜெயித்ததற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். அது அவருக்கு ருசிக்கவில்லை. வேறு பத்திரிகையில் வந்து 1969ல் புத்தகமாயிற்று. பத்திரிகை ஆசிரியர்களின் ருசியைப் பற்றி இதற்குமேல் பேசினால் என் பிழைப்பு கெடும். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருஷத்துக்குக் கணித்து வைத்த பஞ்சாங்கம். அதில் இல்லாத ஒருவன், மியூல் என்று பெயர், 1952ல் வந்த நடுப் புத்தகத்தில் புகுந்து அத்தனையையும் கிழித்துவிடுகிறான். மூன்றாவது புத்தகத்தில் தைக்கிறார்கள். நீங்கள் தாண்டிக் குதித்தால் எதைத் தைக்கிறார்கள் என்றே தெரியாது.

டோல்கீனுடையது வேறு கேஸ். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்று அவர் எழுதியது ஒரே நாவல். காகித விலைக்கும் நஷ்டத்துக்கும் பயந்து பதிப்பாளர் மூன்றாக வெட்டினார். அதனால் நடுவிலுள்ள 'இரண்டு கோபுரங்கள்' தலையும் வாலும் இல்லாமல் கிடக்கிறது. எந்த இரண்டு கோபுரம் என்பதில் எழுதியவருக்கே தடுமாற்றம். 1954 நவம்பரில், மோதிரம் சுமந்தவனை எதிரி கையில் விட்டுவிட்டுப் புத்தகம் முடிகிறது. அடுத்தது வந்தது 1955 அக்டோபரில். இது உங்கள் அடிவயிற்றுப் பாகம், சுத்தமான பாகப்பிரிவினை.

எல்லா நடுப்பாகத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 'வீல் ஆஃப் டைம்' 14 பாகம். ராபர்ட் ஜோர்டன் 2007ல் காலமாகி, பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். அதன் பத்தாவது பாகத்தில் பாதிப் பேர், ஒன்பதாவது பாகத்தின் கடைசியில் நடந்ததைத் தூரத்திலிருந்து பார்த்து அதிசயப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் வண்டி படுப்பதற்கு நான் சந்தேகப்படும் காரணம் வேறு. முதல் பாகத்தை எப்போது படித்தீர்கள்? ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகியிருக்கும். யார் யாருக்கு மாமன் என்பது மறந்துபோய், நூறு பக்கம் கூட்டத்தில் ஆள் தேடியிருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், 'முன்கதைச் சுருக்கம்' போடுங்கள் ஐயா என்று! தொடர்கதை போட்ட பத்திரிகைகள் வாராவாரம் நாலு வரியில் செய்ததை, நானூறு ரூபாய் வாங்குகிற பதிப்பாளர்கள் செய்ய மாட்டேன் என்கிறார்கள். ஒருவர் பதில் போட்டார்: "அது வாசகரை அவமதிப்பது." பின்னட்டையில் முழுக் கதையையும் உடைப்பது மட்டும் மரியாதை.

அந்த நாலு வரி லேசான வேலை இல்லை. இளவயதில் ஒரு வாரப் பத்திரிகையில் எனக்கு அதுதான் உத்தியோகம். ஒரு வாரம் அவசரத்தில், கதாநாயகியின் அப்பா 'மயங்கி விழுந்தார்' என்பதை 'மாரடைப்பில் இறந்தார்' என்று சுருக்கிவிட்டேன். துக்கம் விசாரித்து வாசகர்கள் கடிதம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நடுங்கிக்கொண்டே எழுத்தாளரிடம் போனேன். கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு பேர் அழுதிருக்கிறார்களா?" என்றார். அடுத்த வாரமே அப்பாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம். அதற்கடுத்த வாரம் வில்லன் வக்கீலோடு வந்தான், பாகப்பிரிவினை கேட்டு.

அப்புறம், எந்தப் புத்தகத்தில் படுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே? ஒரு கார்டு போடுங்கள். அந்தப் பத்தாவது பாகம் என்றால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டுத் தாராளமாகக் குதியுங்கள்.