வாசகர் கேள்வி பதில்: ஆண் தொண்டையில் பெண் குரல்

கேள்வி: பார்வை குன்றிய என் அம்மா கேட்பதற்காக, நான் எழுதிய குடும்பக் கதையை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறேன். பாட்டிக்கும் மருமகளுக்கும் நானே பேசியிருக்கிறேன். சோகமான இடத்திலும் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: நீங்கள் சுருதியை மட்டும் உயர்த்தியிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களின் குரல்நாண்கள் 200 முறையை ஒட்டியும் அதிர்கின்றன என்பது உண்மைதான். ஆனால், காது இன்னொன்றையும் கவனிக்கிறது. குரல்வளையிலிருந்து உதடு வரையிலான பாதை ஆண்களுக்குச் சராசரியாக 17 சென்டிமீட்டர் இருக்கும். பெண்களுக்கு அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. குரலின் கனம் பெரிதும் அந்த நீளத்தைப் பொறுத்தது. கனத்தைக் குறைக்காமல், கள்ளத்தொண்டையில், அதாவது இயல்பை மீறி உயர்த்திய பொய்க்குரலில் பேசினால், எவ்வளவு உருக்கமான வசனமும் கேலியாகிவிடும்.

எச்சில் விழுங்கும்போது குரல்வளை மேலேறுவதை விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் சிறிதளவைத் தக்கவைத்துக்கொண்டு, உதடுகளை இலேசான புன்னகையில் வைத்து, "இன்னும் சாப்பிடலையா நீ?" என்று முதலில் கிசுகிசுத்துப் பழகுங்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை; ஆகவே பாதையின் ஒலிப்பு மட்டும் தனியே கேட்கும். அது ஒரு பெண்ணின் கிசுகிசுப்பாகக் கேட்ட பிறகே குரலைச் சேர்க்க வேண்டும். தொண்டை வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பாட்டியின் பாத்திரம் உங்களுக்கு எளிது. முதுமையில் பெண்களின் சுருதி தாழ்வதால், நீங்கள் அதிகம் உயர வேண்டியதில்லை; மூச்சு போதாமல் வாக்கியத்தின் நடுவே நிற்பதையும், கடைசிச் சொல் தேய்வதையும் கவனித்துப் பேசினால் போதும். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களின் நாட்களில் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்ட சிறுவர்கள் பலர், மகரக்கட்டு வந்ததும், அதாவது பருவ வயதில் குரல் உடைந்ததும், அந்த வேடங்களை இழந்தார்கள். ஆனால் நாடக நடிகர் டி.கே. சண்முகம் 1942ஆம் ஆண்டில், முப்பது வயதில், அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்றார்.

மருமகளுக்குத்தான் உழைப்பு தேவை. ஒவ்வொரு வரியையும் இழுத்துக் குழைப்பது பெண் பேச்சு அன்று, பெண்களைப் பரிகசிக்கும் பேச்சு. அதை அறவே விட்டுவிடுங்கள். அவள் மாமியாரிடம் சொல்லும் "வாங்க அத்தை"யும் கணவனிடம் சொல்லும் "வாங்க"வும் ஒரே இராகத்தில் வராது என்பதை உணர்ந்து பேசினால், பாதி வேலை முடிந்துவிடும்.

மைக்கை உதட்டருகே வைக்காதீர்கள். பெரும்பாலான மைக்குகள் நெருங்க நெருங்க அடிக்குரலைப் பெருக்கும். ஒரு சாண் தள்ளி நின்று, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் சமூக மன்ற நாடகக் குழுவில், ஆண் பேசிய பெண் வசனங்களை மென்பொருளால் மாற்றிவிடலாம் என்கிறார்கள். சரிதானா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஓரளவுக்குத்தான். சுருதியோடு குரலின் கனத்தையும் தனித்தனியே மாற்றும் வசதி இப்போதைய மென்பொருள்களில் உண்டு. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கமும் மூச்சு விடும் இடமும் பேசியவருடையனவாகவே இருக்கும். நடிகர் தொண்டையால் முடிந்ததைச் செய்த பிறகு, எஞ்சிய குறைக்கு மட்டும், அதுவும் ஓரிரு அரைச்சுரங்களுக்கு (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான சுருதி வேறுபாடு) மேல் போகாமல், மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.