கடதாசிப்பூ பொன்சாய்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மூன்று வருடமாகச் சாடியில் நிற்கிறது. இரண்டு நேரமும் தண்ணீர் விடுகிறேன். இலை மதாளித்து வளருது, பூ மட்டும் இல்லை. (கிளிநொச்சி)

அந்தத் தண்ணீர்தான் பூவைத் தடுக்கிறது. இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடாதீர்கள். துவண்டதும் அடித்துளையால் வடியும்வரை ஊற்றிவிட்டு, மறுபடி காயவிடுங்கள். நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழ வேண்டும். யூரியாப் பக்கமே போகாதீர்கள். இளந்தடியின் நுனியை ஒருக்கால் கிள்ளிவிட்டால் புதுக்கிளை வெடிக்கும். பூ வருவது அதில்தான். நாம் பூ என்பது நிறமுள்ள மூன்று செதில்கள். நடுவே குழல்போல நிற்கும் சின்ன வெள்ளைதான் உண்மையான பூ. கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் கவனம்: தட்டையான சாடி ஒரே பகலில் வறண்டுவிடும்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. (புதுக்குடியிருப்பு)

உங்கள் கேத்தலின் அடியிலும் அதே வெள்ளை இருக்கும், பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து அதைச் செடிக்கு விடுங்கள்.

கம்பி சுற்றும்போது கிளை முறிந்துவிட்டது. (செட்டிகுளம்)

முற்றிய கிளை வளையாது. பச்சை மாறி மண்ணிறமாகத் தொடங்கும் தடியில் அலுமினியக் கம்பி சுற்றுங்கள். தோலில் பதிய முன் கழற்றிவிடுங்கள்.

2009இல் இடிந்த எங்கள் பழைய வீட்டு வாசலில் அப்பா வைத்த கடதாசிப்பூ இன்னும் நிற்கிறது. அடி தொடைப் பருமன். சாடிக்கு மாற்றலாமா? (முல்லைத்தீவு)

மாற்றலாம் அம்மா. ஆனால் மண்வெட்டியை எடுக்க முன் பென்சில் பருமனில் பத்துத் தடி வெட்டி, மணலும் தும்புச்சோறும் கலந்து நிழலில் நட்டு வையுங்கள். அடிக்கட்டை தப்பாவிட்டாலும் அப்பாவின் மரம் உங்களிடம் இருக்கும். தடியில் முளைப்பதும் அதே மரம்தான்.

மழை ஓய்ந்து நிலம் இளகியிருக்கும் தை கடைசி, மாசியில் தோண்டுங்கள். கிளைகளைக் குறுக வெட்டி, அடியைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி வெட்டி, மண்கட்டி உடையாமல் சாக்கில் ஏந்தி எடுங்கள். இதன் வேர் நூல்போல அறும். என் முதல் அடிக்கட்டையை மண் போகக் கழுவி நட்டேன். ஒரு மாதத்தில் செத்தது. பெரிய வெட்டுகளைச் சரிவாக்கி மெழுகு பூசுங்கள். தண்ணீர் தேங்கினால் உள்மரம் சீக்கிரம் உக்கிவிடும்.

தட்டையான சாடி இப்போது வேண்டாம். அகன்ற, ஆழமான சாடியில் இரண்டு வருடம் நிற்கட்டும். சில கிழமைகளில் துளிர் வரும். அந்தச் சந்தோசத்தில் அசைத்துப் பார்க்காதீர்கள். முதல் துளிர் கட்டையில் சேர்ந்திருக்கும் சத்தில் வருவது. வேர் அதற்குப் பிறகுதான் ஓடும்.