பாசையூரில் இருந்து ஜேர்மனிக்கு வந்த தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியாரின் நவநாளைத் தவறவிடாமல் வளர்ந்த பெடியன் நீர். வந்து நாலைந்து மாதம். இங்கே கோவில்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன, கூட வேலை செய்கிறவர்கள் கலியாணம் முடிக்காமலே சேர்ந்திருக்கிறார்கள், வெள்ளி பின்னேரம் என்றால் குடி. "இப்பிடிக் கெட்டுப்போன இடத்தில கடவுளுக்கு உண்மையா எப்பிடி இருக்கிறது?" என்கிறீர். அம்மாவும் ஒவ்வொரு இரவும் செபமாலை சொன்னாயோ என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறாவாம்.

முதல் சோதனை பியர் கடையில் வராது. நகரசபையில் கொடுக்கிற படிவத்தில் வரும். வீடு மாறி 2 கிழமைக்குள் பதிய வேண்டும் அல்லவா, அந்தப் பதிவில் சமயம் கேட்பார்கள். கத்தோலிக்கன் என்றால் கோவில் வரி கழியும். "மச்சான், ஒண்டுமில்லை எண்டு போடு, காசு மிச்சம்" என்று சொல்லித்தர எங்கட ஆள் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்பார். கணக்கைப் பாரும். நீர் இருக்கிற நோர்த்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் அது 9 வீதம், பவேரியாவிலும் பாடன் வூர்ட்டெம்பேர்க்கிலும் 8. சம்பளத்தில் 9 வீதம் அல்ல, நீர் கட்டுகிற வருமான வரியில் 9 வீதம். இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். மாதம் 300 யூரோ வரி கட்டுகிறவருக்குக் கோவில் வரி 27 யூரோ. பயிற்சிக் காலச் சம்பளத்துக்கு வருமான வரியே வராவிட்டால் இதுவும் வராது.

அரசு வரி தண்டிக் கோவிலுக்குக் கொடுப்பது சரியோ என்பது வேறு கதை, எனக்கே அதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவன் 27 யூரோவுக்காக "எனக்குச் சமயம் இல்லை" என்று கையெழுத்து வைப்பது பச்சைப் பொய். ஊரில் எவனும் கத்தியைக் காட்டிக் கேட்டாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர். முறைப்படி விலகுவதென்றால் இந்த மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டி எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி விலகினவருக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இல்லை, பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்கவும் முடியாது என்று 2012இல் இங்கத்தைய ஆயர்கள் தெளிவாகவே அறிவித்துவிட்டார்கள். மருமகளின் ஞானஸ்நானத்துக்குப் பட்டுவேட்டி வாங்கி வைத்துவிட்டுப் பங்கு அலுவலகத்தில் முழிசுகிறவர்களும் இருக்கிறார்கள். நீர் அவசரத்தில் தவறாக எழுதியிருந்தால் இப்போதே போய்த் திருத்தும்.

உமக்கு இங்கே இல்லாமல் போனது ஊர்க் கண். பாசையூரில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் திங்கள் விடிய மீன் சந்தையிலேயே விசாரணை தொடங்கிவிடும். இங்கே ஆறு மாதம் போகாவிட்டாலும் ஒரு சனம் கேட்காது. வந்த பெடியள் அநேகமாக விழுவது அதில்தான், கெட்ட சகவாசத்தில் விழுகிறவர்கள் கொஞ்சப்பேர். ஒரு ஞாயிறு நித்திரை, அடுத்த ஞாயிறு வேலை, அதற்கடுத்தது கோவில் இருக்கிற தெருவே மறந்துபோகும்.

ஜேர்மன்காரரை ஒரேயடியாகக் கெட்டவர்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. 2022ஆம் ஆண்டு மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கத்தோலிக்க திருச்சபையை விட்டு விலகினார்கள். எல்லாருமே கடவுள் வேண்டாம் என்று போனவர்கள் அல்ல. 1946 தொடக்கம் 2014 வரை குருமாரால் சீரழிக்கப்பட்டவர்கள் என்று 3,677 பேரைக் கணக்கெடுத்த அறிக்கை 2018இல் வெளிவந்தது. பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும்தான் அவர்கள். அந்தக் கணக்கெடுப்பைச் செய்வித்தவர்களே ஆயர்கள்தான். அந்தக் கோபத்தில் போனவர்களை நாங்கள் விரல் நீட்டிப் பேச முடியாது.

இன்னொரு வேடிக்கை. கடவுளை மறந்த நாடு என்கிறீரே, ஞாயிறு ஓய்வுநாள் என்று 1919இல் எழுதியதை 1949 அரசியலமைப்பிலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் பூட்டு. பெரிய வெள்ளியன்று பொது இடத்தில் ஆட்டம்பாட்டத்துக்கு இந்த மாநிலத்தில் சட்டப்படியே தடை, சனி காலை 6 மணிவரை. யாழ்ப்பாணத்திலோ ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் பிள்ளைகள் டியூஷன் வாங்கில் இருக்கிறார்கள். தாய் தகப்பனே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள்.

குடி விஷயமும் அப்படித்தான். வேலையிடத்தில் "நான் குடிப்பதில்லை" என்று ஒருமுறை சொல்லும். அற்ககோல் இல்லாத பியர் ஒன்றை நீட்டிவிட்டு அவர்கள் தங்கள் பாட்டில் இருப்பார்கள். எங்கட சாமத்தியவீட்டு மண்டபத்தில் சொல்லிப் பாரும், "ஒரு பெக் எடடா தம்பி, உனக்கென்ன வருத்தமோ" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அரச உதவியையும் எடுத்துக்கொண்டு கள்ள வேலைக்கும் போகிறவர், சீட்டுக் காசைச் சுருட்டினவர், சீதனத்தையும் சாதியையும் கேட்டுவிட்டுப் பெண்வீட்டு மேசையில் முதல் ஆளாகச் செபம் சொல்லுகிறவர் என்று எல்லாரையும் கண்டிருக்கிறேன். இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கிவிட்டதா? கூட வேலை செய்கிறவர்கள் கலியாணம் முடித்து இருக்கிறார்களா முடிக்காமல் இருக்கிறார்களா என்பது உமக்கு வந்த சோதனையே அல்ல. அவர்களுக்குப் பிரசங்கம் வைக்கவும் வேண்டாம்.

உமக்கு வந்திருக்கிற சோதனை இரவில்தான். பின்னேர வேலை முடிந்து வந்து, சின்ன அறையில், தனிய, கையில் போன். அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அதோடு தெருவுக்குத் தெரு இருக்கிற மெசின் விளையாட்டுக் கடைகள். சம்பளம் முழுவதையும் ஒரு கிழமைக்குள் அதில் போட்ட பெடியள் உண்டு. போனை அறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டுப் படும். பக்தியில் இது சேராது என்று சிரிப்பீர். செய்து பாரும்.

வேலை ஞாயிறு என்றால் சனி பின்னேரப் பூசைக்குப் போகலாம், அதுவும் ஞாயிறுப் பூசைதான். நகரக் கோவில்கள் அநேகத்தில் உண்டு. மொழி விளங்காவிட்டாலும் போம், எந்த இடத்தில் என்ன நடக்கிறதென்று உமக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கிழவிகள் இருப்பார்கள், பூசை வைக்கிறவர் கேரளத்துச் சுவாமியாகவும் இருக்கலாம். அந்தக் கிழவிகளுக்குப் பக்கத்தில் போய் இரும். மூன்றாம் கிழமை உம்மைக் காணாவிட்டால் அவர்கள் கேட்பார்கள், அது போதும். தமிழ்ப் பூசையும் பல நகரங்களில் இடைக்கிடை நடக்கிறது. பாவசங்கீர்த்தனத்தை அதுவரை வைத்திரும். ஜேர்மன் மொழியில் பாவம் சொல்ல நீர் இன்னும் நாலு வகுப்புப் படிக்க வேண்டும்.

ஓகஸ்ட் வந்தால் கெவலார். ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினம், 1642ஆம் ஆண்டிலிருந்து மாதாவின் உள்ளங்கையளவு தாள்படம் ஒன்றை வைத்துக் கும்பிடுகிற இடம். துன்பப்படுவோருக்கு ஆறுதல் என்பது அந்த மாதாவின் பெயர். தமிழ் யாத்திரை நாளில் ஆயிரக்கணக்கில் எங்கட சனம். ஊரில் மடு மாதா கோவிலுக்கு வருவதுபோலவே சைவ ஆக்களும் நெற்றியில் விபூதியோடு வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். உம்முடைய அறைக் கூட்டாளி உரும்பிராய்ச் சைவப் பெடியன் என்றீரே, அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். பதிலுக்கு அவர் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு உம்மை இழுப்பார். தொழிற்சாலைகளுக்கு நடுவே 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோவில் அது. போம், சப்பாத்துகளுக்குக் காவல் இருக்க அங்கே எப்போதும் ஆள் தேவை.