ஹேவ்லாக்கில் ஒரு பகல்: கேள்விகளும் பதில்களும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரே ஒரு பகலை எப்படிச் செலவிடுவது என்று கேட்டவர்களுக்கு. 2018 டிசம்பரிலிருந்து அரசு ஏடுகளில் இந்தத் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப். பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.

சேலத்திலிருந்து: காலையில் போய் மாலையே போர்ட் பிளேர் திரும்பிவிடலாமா?

முடியும். தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் திரும்பும் படகுகள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடும், தீவின் ராதாநகர் கடற்கரையில் பார்க்க வேண்டிய சூரிய அஸ்தமனம் கைநழுவிப் போகும். ஓர் இரவு தங்குங்கள்.

கோவையிலிருந்து: அண்ணா, காலையில் ராதாநகர், மாலையில் எலிஃபன்ட் பீச். திட்டம் சரியா?

அப்படியே திருப்பிப் போடுங்க தம்பி. அந்தமான் நம்ம ஊரிலிருந்து எவ்வளவோ கிழக்கே இருக்கு, கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால டிசம்பர்ல ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிடும். ஜூன்ல கூட ஆறைத் தொடாது. விடிவதும் அதே கணக்கில் சீக்கிரம். ஒன்பது மணிக்கு நிதானமா டிபன் சாப்பிட்டுக் கிளம்பினா பாதி நாள் போச்சு. எலிஃபன்ட் பீச்சில் பவளப்பாறையைத் தண்ணிக்குள்ள பார்க்கக் காலை வெளிச்சம் வேணும், பிற்பகலில் அங்கே படகுகளை நிறுத்திடுவாங்க. ராதாநகர் மேற்குப் பார்த்த கரை. மூணு மணிக்குள் அங்கே இருங்க. படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், வாடகை ஸ்கூட்டர் போதும். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரைன்னு சொன்னது இதைத்தான். இந்த ஒரு விஷயத்தில் விளம்பரம் பொய்யில்லை.

நாகர்கோவிலிலிருந்து: எலிஃபன்ட் பீச்சில் யானை உண்டா?

இல்லை. மரம் இழுக்க ஒருகாலத்தில் தீவுக்கு யானைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்றான ராஜன் கடலில் நீந்தியே பேர் வாங்கியது. 2016இல் இறந்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. எதைத் தவிர்க்கலாம்?

எலிஃபன்ட் பீச்சை. காட்டுவழி வேரும் சேறுமாக இருக்கும். படகில் போனாலும் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். ராதாநகரில் மரநிழலும் தட்டையான மணலும் உண்டு, அம்மாவுக்கு அதுவே போதும். காலாபத்தர் கரையையும் சாலையோரமாகவே பார்க்கலாம், ஆனால் பாறை நிறைந்த இடம், குளிக்க ஏற்றதல்ல.

புதுச்சேரியிலிருந்து: நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

அறிமுக டைவிங் என்றால் செய்யலாம், பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். ஆஸ்துமா, காது, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். மறுநாள் காலை விமானம் என்றால் வேண்டவே வேண்டாம். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரே பறந்தால் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் தொல்லை கொடுக்கும். குறைந்தது 18 மணி நேர இடைவெளி விடுங்கள்.

மதுரையிலிருந்து: முதலை இருக்கிறதாமே, வதந்தியா?

வதந்தி இல்லை. அந்தமான் கடலில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகர் பக்கத்திலேயே ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீந்துவது) செய்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். கழிமுகம், அலையாத்திப் பக்கம், இருட்டும் நேரம் மூன்றும் வேண்டாம். எச்சரிக்கைப் பலகைக்கு முன் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஈரோட்டிலிருந்து: சாப்பாடு?

மீன் சாப்பிட்டால் கவலையில்லை. 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு இது, சின்னக் கடைகளில் வங்காளச் சமையல் நன்றாக இருக்கும். இட்லி தேடி அலையாதீர்கள்.

சென்னையிலிருந்து: கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு, சிப்பி எடுத்து வரலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையச் சோதனையில் பைக்குள் இருப்பது தெரிந்துவிடும், பிறகு உங்கள் பாடு. குழந்தைகளின் பாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: போன் எடுக்குமா?

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் நிலைமை தேவலை. இருந்தாலும் படகுச் சீட்டையும் அடையாள அட்டையையும் காகிதத்தில் வைத்திருங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும்.