குள்ளர் வீட்டைக் கட்டியது யார்?

கேள்வி: எங்கள் பக்கத்து மலைமேல் இருக்கும் குள்ளர் வீடுகளை வானத்திலிருந்து வந்தவர்கள் கட்டினார்கள், எகிப்துப் பிரமிடும் அவர்கள் வேலைதான் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய கல்லை அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி வெட்டித் தூக்கியிருக்க முடியும்? மூன்றடி உயரக் குள்ளர்கள், நெருப்பு மழைக்குப் பயந்து கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று என் பாட்டி சொல்வார். அதையும் பொய் என்பீர்களா?
– வாசகர் ஒருவர், பர்கூர்

பதில்: பாட்டியின் கதையைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீடியோவைச் சொல்வேன், தயங்காமல்.

முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம். குள்ளர் வீடுகள் நிற்கும் மல்லசந்திரம் குன்றில் ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் விடியற்காலையில் ஏறுங்கள். வெயில் வந்துவிட்டால் பாறை காலைச் சுட்டுவிடும். நான்கு பலகைக் கற்களை ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றியிருப்பார்கள். ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் போனபோது மண்டியிட்டு அந்தத் துளைக்குள் கையை விட்டேன். வெளியே அனல், உள்ளே கல் சில்லென்று இருந்தது. தரையில் ஆட்டுப் புழுக்கை. துளையின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. யாரோ ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து, பலகை விரிசல் விடாமல் கொத்திக் கொத்தி அந்த வட்டத்தை முடித்திருக்கிறார். அந்தப் பள்ளங்களைத் தொட்ட பிறகு, இதைச் செய்தது மனிதக் கை இல்லை என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

தொல்லியலார் இவற்றைக் கல்திட்டை என்கிறார்கள். இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இப்படிப்பட்ட ஈமச் சின்னங்களைத் தோண்டிய இடங்களில் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் எலும்புத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. உயிரோடு இருப்பவர் குடியிருக்க எழுப்பாததால்தான் உயரம் குறைவு.

எப்படி வெட்டினார்கள் என்று கேட்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் இதை வெளியூரில் கேட்க வேண்டியதே இல்லை. கிரானைட்டில் பிழைக்கும் மண் இது. பழைய கல் தச்சர் யாரையாவது பிடித்துப் பேசிப் பாருங்கள். நம் மலைப் பாறைகள் வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டவை. பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். இடையிடையே சம்மட்டியால் தட்டிக் கேட்பார்கள். ஓசை மாறினால் அந்த இடத்தில் அடுக்கு பிரிந்துவிட்டது என்று பொருள். பிறகு உளியும் ஆப்பும் கடப்பாரையும் போதும். உருட்டுக் கட்டை, வடக்கயிறு, மண்ணைக் கொட்டிச் சாய்த்த சரிவு, ஐம்பது பேர் ஒரே மூச்சாகப் போடும் ஏலேலோ: தேர் இழுக்கும் ஊரில் இதை விளக்கவும் வேண்டுமா?

இரும்பு உளிக்கு எங்கே போவார்கள் என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறைக்கே போகலாம். அங்கே தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னுக்குப் போகிறது என்று தெரியவந்தது. 2022 மே மாதம் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள்.

பிரமிடைப் பற்றி இரண்டு வரி. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-இல் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற அதிகாரி எழுதிய நாட்குறிப்பு. தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, கூஃபு மன்னனின் பிரமிடுக்குக் கொண்டு சேர்த்ததை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அதைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகளும் கீசாவிலேயே இருக்கின்றன.

இனி உங்கள் பாட்டிக்கு வருகிறேன். இறந்தவரை இப்படி வைக்கும் வழக்கம் நின்றுபோய் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு ஒருவர் இந்தக் குன்றில் ஏறுகிறார். நான்கு சுவர், கூரை, வாசல்போல ஒரு துளை, எல்லாமே சின்ன அளவில். இதில் குடியிருந்தவர்கள் குள்ளர்களாக இருந்திருப்பார்கள் என்று அவர் நினைத்தால், கண்ணால் கண்டதை வைத்து யோசித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். கேரளத்து மறையூரில் இதையே முனியறை என்று முனிவர்களுக்குக் கொடுத்தார்கள். வேறு ஊர்களில் பாண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வயல்களில் நிற்கும் நடுகற்கள் பல வேடியப்பன் என்ற சாமி ஆகிவிட்டன. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் வட்டெழுத்தில் பொறித்தார்கள். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள்; பொங்கல் வைப்பது மட்டும் நிற்கவில்லை. தகடூர் என்ற இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் மாண்டபின் அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்ப்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடி அழுகிறார். அதே மண்ணில் இன்றும் கல்லுக்குப் படையல் வைக்கிறார்கள். பெயர் மறந்தாலும் மரியாதை மறக்கவில்லை.

பாட்டியின் கதை இன்னொரு காரியமும் செய்தது. 'அங்கே உட்காராதே, கல்லைப் புரட்டாதே, குள்ளர் கோபித்துக்கொள்வார்கள்' என்று உங்களையும் மிரட்டியிருப்பாரே? அந்த மிரட்டலில்தான் இத்தனை காலம் மூடுகல் மூடியபடி இருந்தது. வீடியோக்காரர் கடைசியில் என்ன சொல்கிறார்? உள்ளே புதையல், விசேஷ சக்தி. அதைக் கேட்டுக் கடப்பாரையோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போன அன்று ஒரு மூடுகல் குப்புறக் கிடந்தது. பலகை ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. தோண்டிப் போட்ட மண்ணில் கறுப்பு சிவப்பு ஓட்டுச் சில்லுகள். உடைந்த விளிம்பில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. பொன்னைத் தேடியவனுக்கு அது குப்பை. புரட்டாத மண்ணில் கிடக்கும் ஒரு கரித்துண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளைக் கணக்கிட்டுச் சொல்லும். புரட்டிவிட்டால் அது வெறும் கரி.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அந்தக் கல்லுக்கடியில் இருந்தவர் யாரோ ஒருவருடைய தகப்பன், யாரோ ஒருத்தியின் பிள்ளை. ஓர் ஊரே சேர்ந்து, சுட்டு, வெட்டி, இழுத்து அவருக்காக அந்தக் கல்லை ஏற்றியது. அந்த உழைப்பை வானத்தில் யாருக்கோ எழுதிக்கொடுக்க நமக்கு என்ன உரிமை?

புதிரே மிச்சமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் துளையைப் பெரும்பாலும் கிழக்குப் பார்த்து ஏன் வைத்தார்கள்? படையல் இடவா, உயிர் வந்து போகவா? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிருஷ்ணகிரிப் பிள்ளை ஆயுள் முழுக்க ஆராயலாம்.

பாட்டி இருக்கிறாரா? இருந்தால் அந்த நெருப்பு மழைக் கதையை அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.